ஆபா எண் போட்டால் அம்மாவின் ஃபைலை யார் யார் பார்க்க முடியும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன், ஆஸ்பத்திரி கவுன்டரில் ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) போட்டுத்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். அம்மா அதே ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரிடமும் சில வருடங்களாகக் காட்டிவருகிறார், அந்த விஷயம் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டாருக்கு இதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டா என்றும் கேட்கிறார். போதாக்குறைக்கு அத்தை மகன் அங்கேயே பில்லிங்கில் வேலை பார்க்கிறார். எண் போட்டால் எல்லாம் அரசாங்கக் கம்ப்யூட்டருக்குப் போய்விடுமா, இன்சூரன்ஸ் கம்பெனி பார்க்குமா, இதற்கெல்லாம் சட்டம் என்று ஒன்று இருக்கிறதா?

நேரடியாகச் சொன்னால், உங்கள் விஷயத்தில் ஆபா எண்ணைவிட அத்தை மகன்தான் பெரிய கேள்வி. அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும், நான் பேசுவது அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பற்றி. சென்னையில் நடுத்தர அளவு ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: டெல்லியில் எழுதப்படும் சட்டங்களும் கொள்கைகளும் தகவல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கவலைப்படுகின்றன. உள்ளேயே யார் யார் திறந்து பார்க்கிறார்கள் என்பதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் மட்டும் சத்தமில்லாமல் நழுவிவிடுகின்றன.

சரி, முதலில் ஆபா. அது 14 இலக்க எண், 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் அடையாள எண். விருப்பம் இருந்தால் போடலாம், இல்லையென்று சொன்னதற்காகச் சிகிச்சை தர மறுக்கக் கூடாது, கொள்கையிலேயே அப்படித்தான் இருக்கிறது. "போட்டுத்தான் ஆகணும்" என்று கவுன்டரில் சொன்னால் அது அந்த ஆஸ்பத்திரியின் அவசரம். எண் போட்டவுடனே அம்மாவின் கேஸ் ஷீட் டெல்லிக்குப் போய்விடாது. பதிவு எந்த ஆஸ்பத்திரியில் உருவானதோ அங்கேயேதான் இருக்கும். வேறொரு ஆஸ்பத்திரிக்கு அது தேவைப்பட்டால் போன் செயலிக்கு ஒரு கோரிக்கை வரும்: யார் கேட்கிறார்கள், எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையிலான பதிவுகள், எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் தகவல் நகரும், தேதி வரம்பைக் குறைக்கலாம், பின்னால் ரத்தும் செய்யலாம். காகிதத்தில் பார்த்தால் நன்றாகவே யோசித்துச் செய்த ஏற்பாடு, அதில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

காலை பத்து மணிக்கு ஓ.பி. கவுன்டரில் நடப்பது வேறு. பின்னால் நீளமாக வரிசை நிற்கிறது, கவுன்டரில் இருக்கும் பெண் "போன் நம்பர் சொல்லுங்க சார், ஓடிபி வரும், அதச் சொல்லுங்க" என்கிறார், நாமும் சொல்லிவிடுகிறோம். அந்த ஓடிபி புதிய எண் உருவாக்கவா, ஏற்கெனவே இருக்கும் எண்ணை இந்த ஆஸ்பத்திரியோடு இணைக்கவா என்று கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. (கொரோனா தடுப்பூசிக்கு ஆதாரைக் காட்டிய பலருக்கு 2021-லேயே அவர்களுக்குத் தெரியாமல் சுகாதார எண் உருவாகியிருந்தது, சான்றிதழில் அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தார்கள். உங்கள் அம்மாவுக்கும் இருக்கலாம், தடுப்பூசிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.) இன்னொரு விஷயம், அம்மாவின் பதிவில் உங்கள் போன் நம்பரைக் கொடுத்தால் ஒப்புதல் கோரிக்கை வருவதும் உங்கள் போனுக்குத்தான். சட்டம் நோயாளியின் சம்மதம் என்று எழுதுகிறது, சென்னையில் பாதி வீடுகளில் அந்தச் சம்மதம் மகன் போனில் இருக்கிறது, சில வீடுகளில் மருமகன் போனில். லேப் ரிப்போர்ட்டும் அதே நம்பருக்குத்தான் வாட்ஸ்அப்பில் வரும். அம்மாவுக்குச் சொந்தமாகப் போன் இருந்தால், பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த நம்பரையே கொடுங்கள்.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆஸ்பத்திரி மென்பொருளில் யார் எந்தத் திரையைப் பார்க்கலாம் என்று பதவிவாரியாகப் பிரித்துவைக்க வசதி இருக்கிறது. ஃப்ரண்ட் ஆபீஸுக்குப் பெயரும் அப்பாயின்ட்மென்டும், பில்லிங்குக்குக் கட்டண விவரம், ஃபார்மசிக்கு மருந்துச் சீட்டு, இப்படி. போட்டுக் கொடுக்கும்போது ஒழுங்காகத்தான் பிரித்துக் கொடுப்போம். இரண்டு மாதத்தில் போன் வரும்: "இன்சூரன்ஸ் க்ளைம் போட டயக்னோசிஸ் தெரியணும், பில்லிங்குக்கும் ஓப்பன் பண்ணி விடுங்க." அப்புறம் டயக்னோசிஸ் போதாது, டாக்டர் எழுதிய குறிப்பும் வேண்டும் என்பார்கள், ஏனென்றால் க்ளைமில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டுமாம். ராத்திரி டியூட்டியில் எட்டு நர்ஸுக்கு ஒரே லாகின், பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கும், பெரும்பாலும் ஆஸ்பத்திரி பெயரும் 123-ம்தான். எம்.ஆர்.டி.யில், அதாவது மருத்துவப் பதிவு அறையில், பழைய காகித ஃபைலை எடுக்க வேண்டுமென்றால் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு ஒரு ஆள் ஷெல்ஃபில் தேட வேண்டும், அந்தத் தொல்லையே ஒரு காவலாக இருந்தது. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் மூன்று நொடி, மனநல ஓ.பி. குறிப்பும் மூட்டு எக்ஸ்ரேயும் அடுத்தடுத்த வரியில்.

இதில் எதுவும் ஹேக்கிங் இல்லை. எல்லாரும் அனுமதியோடுதான் பார்க்கிறார்கள்.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்றால், கதை கொஞ்சம் நீளம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவத் தகவலுக்கென்றே ஒரு சட்ட வரைவை வெளியிட்டது, சுருக்கமாக திஷா என்பார்கள். வரைவுதான், ஆனால் இதுவரை இந்த நாட்டில் எழுதப்பட்டதிலேயே நோயாளி பக்கம் நின்று எழுதப்பட்டது அதுதான் என்பது என் கருத்து. டிஜிட்டல் மருத்துவத் தகவலுக்குச் சொந்தக்காரர் நோயாளி என்று அதில் இருந்தது. பெயரை நீக்கிய தகவலைக்கூட வியாபார நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, வேலை கொடுப்பவர், மருந்து கம்பெனி, இன்சூரன்ஸ் கம்பெனி கையில் போகக் கூடாது, க்ளைம் சம்பந்தமாக மட்டும் நோயாளியின் ஒப்புதலோடு இன்சூரன்ஸுக்கு விலக்கு, மோசமான மீறலுக்குச் சிறைத்தண்டனை என்றெல்லாம் இருந்தது. அது சட்டமாகவே ஆகவில்லை. பொதுவான தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது, தனியாக எதற்கு என்று ஓரங்கட்டிவிட்டார்கள்.

அந்தப் பொதுச் சட்டம் 2019-ல் மசோதாவாக வந்தபோது மருத்துவத் தகவல் "உணர்திறன் மிக்க தகவல்" என்ற தனி வகையில், கூடுதல் பாதுகாப்போடு இருந்தது. 2022-ல் அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. நீங்கள் பிரியாணி ஆர்டர் செய்த விவரமும் உங்கள் அம்மாவின் மனநல மருந்துச் சீட்டும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். இது தற்செயலாக விட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளிலேயே மருத்துவப் பதிவுகளும் உடல், மன நலத் தகவலும் தனியாகப் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டிருந்தனவே.

2023 சட்டத்தில் நல்ல விஷயங்களும் உண்டு, இல்லையென்று சொல்லக் கூடாது. சம்மதம் நிபந்தனை இல்லாமலும் தெளிவாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் இருக்க வேண்டும். அந்த நோக்கத்துக்குத் தேவையில்லாத தகவலுக்குச் சேர்த்து வாங்கிய சம்மதம் செல்லாது, சட்டத்திலேயே இதற்கு ஒரு தொலைமருத்துவச் செயலியை உதாரணமாகக் கொடுத்திருக்கிறார்கள்: மருத்துவ ஆலோசனைக்கு என்று சொல்லி உங்கள் போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் கேட்டால், நீங்கள் சரி என்றிருந்தாலும் அந்தப் பகுதி கணக்கில் வராது. அறிவிப்பைத் தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும், எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளுக்கும் இது பொருந்தும். தகவலைச் சரியாகப் பாதுகாக்காமல் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் நோயாளிக்கு உரிமை தரும் முக்கியமான பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வருகின்றன. அதுவரை பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் 2011 விதிகளும்தான். அவையும் நிறுவனங்களுக்கு மட்டுமே, அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் பொருந்தாது.

இனி நான் முதலில் சொன்ன ஓட்டைக்கு வருகிறேன். 2023 சட்டத்தின் 11-ஆவது பிரிவு, உங்கள் தகவல் எந்தெந்த நிறுவனங்களோடு பகிரப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. நன்றாகக் கவனியுங்கள், நிறுவனங்களோடு. அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே வேலை செய்யும் அத்தை மகன் பார்த்தால் அது பகிர்வு என்ற கணக்கிலேயே வராது. விதிகள் இன்னொரு பக்கம் யார் எப்போது தகவலைப் பார்த்தார் என்ற லாக் இருக்க வேண்டும், அதை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. 2016-ல் திருத்தி வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளும் தணிக்கைப் பதிவு கட்டாயம் என்றுதான் சொல்கின்றன. ஆக லாக் இருக்கிறது, நாங்கள் போட்டுக் கொடுக்கும் மென்பொருளிலும் இருக்கிறது, எந்த லாகினில் இருந்து எத்தனை மணிக்கு எந்த ஃபைல் திறக்கப்பட்டது என்று வரிவரியாக. அதை நோயாளி கேட்டால் காட்டியே தீர வேண்டும் என்று ஒரு வரி எங்கும் இல்லை. எனக்குத் தெரிந்து ஆஸ்பத்திரிகளில் அந்த லாகைத் திறந்து பார்ப்பதே ஏதாவது வில்லங்கம் வந்த பிறகுதான்.

இது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. எஸ்டோனியாவில் நோயாளி தன் கணக்கில் நுழைந்தால் எந்த மருத்துவர் எப்போது தன் பதிவைப் பார்த்தார் என்று அவரே பார்க்கலாம், அங்கே தேசிய மருத்துவத் தகவல் அமைப்பு 2008-லிருந்து இயங்குகிறது. அமெரிக்காவில் நோயாளிக்கு அப்படி நேரடி உரிமை இல்லை. 2011-ல் முன்மொழிந்தார்கள், ஆஸ்பத்திரிகள் எதிர்த்தன, அது விதியாகவே ஆகவில்லை. ஆனால் அங்கே வேறொன்று நடந்தது: கலிபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. மருத்துவ மையத்தில் வேலை பார்த்த ஒருவர் சக ஊழியர்கள், சினிமா நட்சத்திரங்கள் ஆகியோரின் பதிவுகளைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார், விற்கவில்லை, வெளியிடவில்லை, சும்மா பார்த்தார், அவ்வளவுதான். 2010-ல் நான்கு மாதச் சிறை. அவரைப் பிடித்துக் கொடுத்தது லாக்தான். நம் ஊரில் "சும்மா பார்த்தேன்" என்பது குற்றம் என்று ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவருக்கும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் ஒரு ஆறுதல் இருக்கிறது. பொதுச் சட்டம் பலவீனமாக இருந்தாலும் சில நோய்களுக்கென்று வந்த தனிச் சட்டங்கள் பலமானவை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 23-ஆவது பிரிவு மனநலம், சிகிச்சை சம்பந்தமான தகவல் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது. 24-ஆவது பிரிவு கணினியிலோ இணையத்திலோ சேமித்த தகவலுக்கும் அது பொருந்தும் என்று பச்சையாகவே சொல்கிறது. மீறினால் முதல் தடவையே ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரகசியம் காக்கும் கடமை சிகிச்சை தரும் சுகாதாரப் பணியாளர்களுக்கு என்று எழுதியிருப்பதால் பில்லிங் ஊழியர் அதில் வருவாரா என்று ஒரு வக்கீல் வாதாடலாம்தான், ஆனால் உரிமை நோயாளியுடையது, அதைக் காப்பாற்ற வேண்டியது ஆஸ்பத்திரி. இதே மாதிரி எச்.ஐ.வி.க்கு 2017-ல் வந்த தனிச் சட்டம், பதிவுகள் வைத்திருக்கும் ஒவ்வொரு இடமும் அந்தத் தகவலுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தத்துக்குப் பிறகு பெண்ணின் பெயரை மருத்துவர் வெளியிட்டால் ஒரு வருடம் வரை சிறை.

வரன் விஷயம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறதா என்று. 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த "எக்ஸ் எதிர் இசட் மருத்துவமனை" வழக்கை யாராவது உங்களிடம் எடுத்துக்காட்டலாம், அதனால் சொல்லிவைக்கிறேன். அது மெட்ராஸில் நடந்த சம்பவம்தான். நாகாலாந்து அரசு மருத்துவர் ஒருவர் ஆபரேஷனுக்கு வந்த நோயாளிக்குத் துணையாக இங்கே வந்தார், ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள், பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது, தகவல் வெளியே போய் நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றது. ரகசியம் காக்கப்பட வேண்டியதுதான், ஆனால் மணக்கப்போகும் பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்னும்போது அந்த உரிமை முழுமையானது இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் அம்மாவின் மனச்சோர்வு யாருக்கும் தொற்றப்போவதில்லை, மணப்பெண்ணும் அவர் இல்லை. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டார் எதையும் கேட்க முடியாது. அவர்கள் கேட்கவும் மாட்டார்கள், விசாரிப்பார்கள், அதற்குத்தான் நான் லாகைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

இன்சூரன்ஸ். இங்கே கசிவு சட்டவிரோதமாக நடப்பதில்லை, நீங்கள் கையெழுத்துப் போட்டுத்தான் நடக்கிறது. பாலிசி எடுக்கும்போது போடும் விண்ணப்பத்தில், எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் என் மருத்துவப் பதிவுகளைப் பெறலாம் என்று ஒரு பத்தி இருக்கும், யாரும் படிப்பதில்லை. கேஷ்லெஸ் என்று சொன்னவுடன் ஆஸ்பத்திரியின் டி.பி.ஏ. டெஸ்க் (இன்சூரன்ஸ் க்ளைம் கவனிக்கும் இடம்) காகிதங்களை ஸ்கேன் செய்து அனுப்ப ஆரம்பித்துவிடும், சில இடங்களில் தேவையான பக்கம், சில இடங்களில் ஃபைல் மொத்தமும். மூட்டு ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியில் மேலே பழைய நோய் விவரம் என்ற வரியில் சர்க்கரை, பி.பி.க்குப் பக்கத்தில் டிப்ரஷன் என்று எழுதியிருக்கும், அந்த ஒரு பக்கம்தான் இன்சூரன்ஸ், பிசியோதெரபி, மகன் ஆபீஸ் ரீஇம்பர்ஸ்மென்ட் என்று எல்லா இடத்துக்கும் நகல் போகும். பாலிசி எடுக்கும்போது மனநலச் சிகிச்சையைச் சொல்லவில்லை என்றால் அதைக் காட்டி க்ளைமை இழுத்தடிக்கப் பார்ப்பார்கள். 2024-லிருந்து அறுபது மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பாலிசியில் நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணம் சொல்லி அப்படி மறுக்க முடியாது, உங்கள் பாலிசி எவ்வளவு பழசு என்று பாருங்கள். உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் அந்த 2017 மனநலச் சட்டத்தில் இருக்கிறது.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பது இன்னொரு கவலை. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல் டெலிகிராமில் பாட் (கேட்டால் தானாகப் பதில் அனுப்பும் கணக்கு) மூலம் கிடைத்தது, பாலிசி விவரம் மட்டுமில்லை, க்ளைமோடு சேர்ந்த மருத்துவ ஆவணங்களும்தான். நிறுவனம் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. அதற்கு முன்னால் 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி நாள்கணக்கில் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். ஹேக்கிங்கைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை, அது செய்தியில் வரும், அத்தை மகன் விவகாரம் வராது.

அரசாங்கத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தமிழ்நாட்டில் ஆபாவுக்கு முன்னாலேயே நம் உடம்புத் தகவல் நிறைய கணினியில் ஏறிவிட்டது: கர்ப்பிணிகளுக்குப் பிக்மி பதிவு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துப் பதிகிறார்கள். திட்டங்கள் நல்லவை, மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் 2023 சட்டத்தின் 7-ஆவது பிரிவு அரசின் சலுகை, மானியத் திட்டங்களுக்குச் சில நிபந்தனைகளோடு சம்மதம் இல்லாமலே தகவலைப் பயன்படுத்த வழிவிடுகிறது, 17-ஆவது பிரிவு மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்குத் தருகிறது. 2020-ல் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டியபோது தெருவே எப்படிப் பார்த்தது என்று சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த வருட டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அப்படி ஒட்டத் தேவையில்லை என்றது. வேலை கொடுப்பவர்களுக்கும் அதே 7-ஆவது பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது, "வேலை தொடர்பான நோக்கங்கள்" என்று. ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் சேரும்போது எடுக்கும் மெடிக்கல் செக்கப் ரிப்போர்ட் பிள்ளைகள் கைக்கு வருவதற்கு முன்னால் எச்.ஆர். மெயிலுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சட்டத்தில் எனக்கு ரொம்ப எரிச்சல் தரும் இடம் நஷ்டஈடுதான். 43ஏ பிரிவில் அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. புதிய சட்டம் முழுதாக அமலுக்கு வரும்போது அந்தப் பிரிவு போய்விடும், அந்தச் சட்டத்தின் தரவுப் பாதுகாப்பு வாரியம் போடும் அபராதம் இந்தியத் தொகுநிதிக்குப் போகும், யாருடைய தகவல் கசிந்ததோ அவருக்கு ஒரு பைசா கிடையாது. அதற்கு மேல் பொய்ப் புகார் கொடுத்தால் நோயாளிக்கே பத்தாயிரம் வரை அபராதம் என்று ஒரு பிரிவு. நல்லவேளை, நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 1995-லிருந்து மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வருகிறது, இழப்பீடு கேட்க இனி அதுதான் நடைமுறை வழி. ரகசியத்தை உடைத்தவர் மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ஆபா எண் வேண்டுமா வேண்டாமா என்பதை அம்மாவையே முடிவு செய்ய விடுங்கள். போடுவதென்றால் கவுன்டரில் அவசரத்தில் போடாமல் வீட்டில் நிதானமாகச் செயலியில் போட்டுக்கொள்ளுங்கள், மனநலப் பதிவுகளை அதில் இணைக்காமலே விட்டுவிடலாம். மயக்க மருத்துவரிடம் மட்டும் அம்மா சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். சில மனச்சோர்வு மாத்திரைகளோடு டிரமடால் மாதிரி வலி மருந்து சேர்ந்தால் ஆபத்து, சிலவற்றில் ரத்தக் கசிவு கொஞ்சம் கூடும், அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்று எலும்பு மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள், மருந்துப் பெயர்கள் இருந்தே ஆக வேண்டும் என்பார், அது நியாயம், மற்றதில் முடிவு அவருடையது. டி.பி.ஏ. டெஸ்கில் இந்த அட்மிஷன் காகிதங்கள் மட்டும் போதும், பழைய ஓ.பி. குறிப்புகளை இன்சூரன்ஸ் எழுத்தில் கேட்டால் எங்களிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள் என்று சொல்லலாம், பெரும்பாலும் கேட்பார்கள்.

அத்தை மகன் விஷயத்துக்கு, அவர் பெயரை எங்கேயும் இழுக்க வேண்டாம். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு அம்மா கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: மனநலப் பிரிவுப் பதிவுகளைச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் தவிர மற்றவர்கள் பார்க்க முடியாதபடி பூட்டிவைக்கவும், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 பிரிவுகள் 23, 24. பெரும்பாலான மென்பொருளில் ஒரு நோயாளியின் பதிவை மட்டும் தனியாகப் பூட்ட வசதி இருக்கிறது, வி.ஐ.பி. நோயாளிகளுக்கென்று வைத்தது, கேட்டால் சாதாரண மனிதருக்கும் போடலாம், ஐ.டி. ஆளுக்கு ஐந்து நிமிட வேலை. கடிதத்திலேயே இன்னொரு வரி சேருங்கள், கடந்த ஒரு வருடத்தில் இந்தப் பதிவைத் திறந்த லாகின்களின் பட்டியலைத் தரும்படி. தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று மறுக்கலாம், மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தாலே அந்த ஃபைல் பக்கம் கை போவது குறைந்துவிடும். நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள், இன்வர்ட் ரிஜிஸ்டர் நம்பரையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.